சாணத்தில் முளைத்த பார்லி

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் அனுப்பிய மாட்டுத் தரகர் இன்று காலை வந்தார். செவலையை ஓட்டிப்போகக் கையில் கயிறும் கொண்டுவந்திருந்தார்.

நான் செவலைக்குப் பார்லி போட ஆரம்பித்தபோது, "படிச்ச படிப்பையெல்லாம் தீவனத் தொட்டியில கரைக்கிறே"ன்னு சிரித்தீர்கள். நீங்கள் பெட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்பிய மறுவாரம், சாணக்குவியலில் பார்லி பச்சைப்பசேலென்று முளைத்திருந்தது. தின்றதெல்லாம் செரிக்காமல் முழுசாகவே வெளியே வந்திருக்கிறது! தப்பு பார்லியில் இல்லை, என்னிடம்தான். அன்றிலிருந்து உடைத்து, வைக்கோலோடு அளவாகக் கலந்து வைக்கிறேன். நான்கு லிட்டரில் நின்றவள் இப்போது ஏழு லிட்டர் கறக்கிறாள்.

நானும் பார்லிக் கஞ்சிதான் குடிக்கிறேன். சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டது. தரகருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன்.

"என்னம்மா, மாட்டுத் தீனிய எனக்குக் குடுக்கிறீங்க?" என்றவர், ஒரே மூச்சில் குடித்தார். பிறகு நான் பால் கறப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இத விக்கச் சொன்ன மனுஷனுக்குத்தாம்மா முதல்ல வைத்தியம் பாக்கணும்!"

வெறுங்கயிற்றோடு திரும்பிப் போனார்.

நம் இருவருக்கும் சமைத்தே கை பழகிவிட்டதால் தினமும் இரண்டு டம்ளர் கஞ்சி வைத்துவிடுகிறேன். இன்றுதான் முதல்முறையாக மிச்சமில்லை. உங்களுக்கும் சர்க்கரை உண்டு என்பது எனக்கு மறக்கவில்லை.

இப்படிக்கு,
செவலையை விற்காதவள்