மேசையில் விட்டுப்போகும் சாவிக்கொத்து

என்னங்க,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி இருக்கிறது. சாவிக்கொத்து மேசையில். இனி அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போக மாட்டேன்.

நேற்று நீங்கள் நாற்காலியை நகர்த்தியதற்குக் கத்திவிட்டேன். "ஒரு நாற்காலிக்கா இந்தக் கூப்பாடு?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். கோபம் உங்கள் மேல் இல்லை.

கண் தெரியாத என் மாணவிக்கு வகுப்பிலிருந்து மாடிப்படி வரை காலடி எண்ணி நடக்கப் பழக்கியது நான். போன வாரம் அந்த வழியில் கிடந்த பெஞ்சில் இடறி, படியில் உருண்டு, கையை ஒடித்துக்கொண்டாள். பெஞ்சைப் பள்ளிக்கூடத்து ஆயாதான் அங்கே போட்டாள் என்று, ஆயாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

போட்டது நான். பல்பு மாட்ட இழுத்தேன், திருப்பி வைக்க மறந்தேன். பிறகு வாயே திறக்கவில்லை. எங்கே எது நகர்ந்தாலும் அந்தப் பெண் விழும் சத்தம் கேட்கிறது.

இன்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிடுவேன். என் வேலை போனால் போகட்டும்.

கதவைப் பூட்ட மறக்காதீர்கள்.

இன்னொன்று. நேற்று ஆஸ்பத்திரியில் அந்த மாணவியின் கட்டிலருகே பேசாமல்தான் நின்றேன். சாவிச் சத்தத்துக்குத் திரும்பினாள்.

"யார்கிட்டயும் சொல்லல டீச்சர். பெஞ்சை இழுத்தப்ப இதே சத்தம் கேட்டுச்சு. நீங்கதானே, திருப்பி வச்சிருப்பீங்கன்னு நம்பித்தான் நடந்தேன்."