திருப்பம் வரை

ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் உன் கல்லின் வாசனைதான் முதலில் வருகிறது. நத்தைபோலச் சுருண்ட அந்தக் கல்லை நான் இன்னும் கழுவவில்லை. அதன் மடிப்புகளில் உங்கள் மக்காச்சோளக் கொல்லையின் மண் இருக்கிறது. கணக்குப் பரீட்சையில் காம்பஸைத் தேடும்போதும் விரலில் அதுதான் தட்டுகிறது. அப்புறம் கணக்கு ஓடுவதில்லை.

வரலாற்று மிஸ் சான்றுகளைப் பற்றிய பாடம் எடுத்த நாள் உனக்கு நினைவிருக்கும். "நம்ம அரியலூர்ப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல கடலா இருந்துச்சு" என்றார். நீ எழுந்து, "யாரு மிஸ் பாத்தா?" என்று கேட்டாய்.

"இவளையே அனுப்புங்க மிஸ், பாத்துட்டு வரட்டும். வரும்போது மீன் வாங்கிட்டு வருவா" என்றாள் பின் பெஞ்சில் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்காமல் கரும்பலகையில் எழுதினார். யார் சொன்னது? அவர் அங்கே இருந்தாரா? இல்லையென்றால் எதை வைத்துச் சொல்கிறார்? பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இதைக் கேக்காம எதையும் நம்பாதீங்க. நான் சொன்னாலுந்தான்" என்றார்.

அந்த வாரமே நீ கடலுக்குச் சான்றாக, ஏதோ கடல்பிராணி கல்லாகிப்போன இந்தக் கல்லைக் கொல்லையில் தேடி எடுத்துவிட்டாய். பள்ளிக்குக் கொண்டுவந்த அன்று மிஸ் பயிற்சிக்காகப் பெரம்பலூர் போயிருந்தார். சாயங்காலம் வழக்கம்போல இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பேசி வந்தோம். லாரிகள் சிந்திய சுண்ணாம்புத் தூள் சாலையோரம் வெள்ளையாகக் கிடந்தது. திருப்பத்தில் நின்று கல்லை என்னிடம் கொடுத்தாய்.

"நீ வச்சிருடி. எங்க வூட்டுல இருந்தா தம்பி ஒடச்சிருவான். நாளைக்கு மிஸ்கிட்ட காட்டுவோம்."

பிறகு ஏறி உட்கார்ந்து இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தாய். ஒரு கையை எடுத்தால் உன் சைக்கிள் இடப்பக்கமாக இழுக்கும். திருப்பத்தில் மறைந்தாய். நான் எங்கள் தெருவுக்குள் போவதற்குள் லாரியின் சத்தமும் ஆட்களின் சத்தமும் கேட்டன.

நீ போன் பேசிக்கொண்டே போனாய் என்று ஊர் சொல்கிறது. உன் வீட்டில் இருந்த ஒரே போன் அன்று உன் அப்பாவோடு வேலைக்குப் போயிருந்தது. நீ இல்லாமல் வீடு திரும்பிய உன் பையில் சாப்பாட்டு டப்பாவும் புத்தகங்களும்தான் இருந்தன. டீக்கடை மாமாவிடம் கேட்டேன்.

"போன்தான் பாப்பா, வேறென்ன?"

"நீங்க பாத்தீங்களா மாமா?"

"நான் எங்க பாத்தேன், அன்னிக்குக் கடையே தொறக்கல. சொன்னாங்க."

"யாரு?"

"என்ன பாப்பா நீ, போலீசு மாதிரி கேக்குற" என்று பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன மாதம் மிஸ் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். அவர் முன்னால் திருத்தாத விடைத்தாள்கள் குவிந்திருந்தன. "ரோட்டுல கவனமா போறதப் பத்திப் பிரேயர்ல நீதான் பேசணும். அவளப் பத்தியே எழுது. போன் பேசிக்கிட்டுப் போனதையும் சேத்துக்க. பயந்தாத்தான் பிள்ளைங்க கேக்கும்."

"போன் பேசுனான்னு யாரு சொன்னது மிஸ்?"

"ஊரே சொல்லுதேம்மா."

"ஊரு அங்க இருந்துச்சா மிஸ்?"

மிஸ் பேனாவை மூடிவைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆனால், "நீ இருந்தியா?" என்றார்.

"திருப்பம் வரைக்கும் இருந்தேன்."

"அப்ப அது வரைக்கும் எழுது."

அப்படியே எழுதிப் பேசினேன். யாரும் கைதட்டவில்லை. வகுப்புக்குத் திரும்பும்போது எனக்குப் பின்னால், "ஃப்ரெண்டுல்ல, அதான் மறைக்கிறா" என்று யாரோ சொன்னார்கள். ஊர்க் கதைக்குத் தொடக்கமும் முடிவும் இருக்கிறது, புத்திமதியும் இருக்கிறது. என் கதை பாதியில் நின்றுவிடுகிறது. பாதியில் நிற்பதை யாருக்கும் கேட்கப் பிடிக்கவில்லை. எனக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஆனால் உன் அம்மா கேட்கிறார். முதல் தடவை நான் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசத்தச் சொல்லு கண்ணு. உன் போனைக் கொடுத்தியா அவகிட்ட?" என்றார். ஊர் சொன்னதை அவரும் நம்பத் தொடங்கியிருந்தார். என் போன் வீட்டில் சார்ஜில் இருந்தது என்றேன். திருப்பத்தில் நீ கல்லைக் கொடுத்ததையும் ஹேண்டில்பாரைப் பிடித்ததையும் சொன்னேன்.

"ரெண்டு கையாலயுமா புடிச்சா?"

"ஆமாங்கம்மா."

"அப்பறம்?"

அதற்குப் பிறகு ஏதாவது சொல்லலாம். நீ ஓரமாகத்தான் போனாய், உனக்கு வலித்திருக்காது என்று சொன்னால் அன்று இரவு அவர் தூங்கக்கூடும். வாய் வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் நானும் ஊரில் ஒருத்தி ஆகிவிடுவேன்.

"அதுக்கப்புறம் நான் பாக்கலம்மா."

அவர் தலையாட்டினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கேட்கிறார். நானும் கல்லை அவர் மடியில் வைத்துவிட்டு, திருப்பம் வரை சொல்கிறேன்.