சுளகில் பறந்த தூசி

என் ஆசை அண்ணா,

எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் வந்தால் உன்னிடம்தான் ஓடி வருவேன். நீ இல்லாத இப்போதும் வேறு யாரிடம் சொல்ல?

கல்லடியில் உன் வீட்டு வளவில் பழைய பட்டரி ஈயத்தைத் தாச்சியில் உருக்கி, வலைக்குக் குண்டு வார்ப்பாயே, அந்த மூலையில்தான் உன் சின்னவள் மண்சோறு சமைத்து விளையாடினாள். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? அந்த மண்ணில் கொஞ்சம் எடுத்துத் தரும்படி அவளின் அம்மாவிடம், மச்சாளிடம் கேட்டேன்.

எங்கள் இயந்திரம் மண்ணில் லேசரைச் சுடும். பட்ட இடம் ஆவியாகி மின்னும். அந்த ஒளியின் நிறங்களை வைத்து என்ன உலோகம் என்று கண்டுபிடிப்போம். மச்சாள் தந்த மண்ணில் ஓரிடத்தில் ஈயம் தெரிந்தது, பக்கத்தில் ஒன்றுமே இல்லை. லேசர் படும் புள்ளி மிகச் சிறியது. பருமணல் என்றால் ஒரு மணியைத்தான் தொடும். "சராசரி குறைவுதானே, பயப்படாதீங்க" என்றார் கூட வேலை செய்பவர். ஆனால் வளவு மண் இப்படித் தூசியே இல்லாமல் வெறும் பருமணலாக இருக்குமா? மச்சாளிடமே கேட்டேன்.

"சுளகுல கொழிச்சித்தான் தந்த நான். படிச்ச ஆக்கள் பாக்கிற மண்ண தூசியோடயா குடுக்கிற? என்னகா நீ!"

"ஐயோ மச்சாள், அந்தத் தூசி எங்க?"

"காத்துல பறந்திட்டு. புள்ளயும் பக்கத்திலதான் இருந்தவள்."

பாவம், அரிசியைப் போல நினைத்துவிட்டாள். ஈயம் இருந்ததே அந்தத் தூசியில்தான்.

நானே போய் மண்ணைக் கொழிக்காமல் அள்ளி வந்தேன். காயவைத்து, இடியப்ப மாப்போல அரைத்து, வில்லையாக அழுத்தினேன். இப்போது எங்கே சுட்டாலும் ஒரே பதில், ஈயம். சின்னவளின் விரல் எந்நேரமும் வாயில். அதில் ஒட்டியது பருமணலா, தூசியா? நீயே சொல்.

அவளின் இரத்தத்தைச் சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறோம். போன் அடித்தாலே ஓடிப்போய் எடுக்கிறேன். உன்மேல் கோபிக்கவும் முடியவில்லை; அந்தக் குண்டு கட்டிய வலைதானே என்னைப் படிக்கவைத்தது. நேற்று அவள் கேட்கிறாள்: "அப்பாட மூலைக்கு ஏன் வேலி அடைச்சிரிக்கி, மாமி?" என்ன சொல்லட்டும்?

அவள் இப்போது தன்னாமுனையில் என் வீட்டில் என்னோடுதான் நிற்கிறாள். அந்த மண்ணை முழுதாக அகற்றும்வரை வளவில் கால் வைக்க விடமாட்டேன். கொழும்பிலிருந்து எந்தப் பதில் வந்தாலும் அவளின் கையை விடமாட்டேன். பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் பயமாக இருக்கிறது அண்ணா. என் தலையில் அடித்துச் சொல்கிறேன்.

உன் தங்கச்சி,
சின்னவளின் மாமி