நடு அறையைக் கொடுக்க வேண்டாம்

என்னங்க,

மருத்துவமனையில் நோயாளிகளுக்காக ஜெபித்துவிட்டு மதியம் வருவேன். சாப்பாடு மேஜைமேல் மூடி வைத்திருக்கிறேன். புதிய மிஷனரித் தம்பதி அதற்குள் வந்துவிட்டால் முன் அறையைக் கொடுங்கள். நடு அறை வேண்டாம்.

அங்கே தங்கிய போதகரம்மா நேற்று, "விடியக்காலையில ஒரு சின்னப் பொண்ணு பாடுச்சே, யாரும்மா அது?" என்று கேட்டார். நீங்கள், "அது எங்க வீட்டுத் தண்ணிக் குழாய்மா. காணிக்கை கேக்காத பாடகர்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கும் அந்தப் பாட்டு கேட்கிறது. இரண்டாம் அடியில் தடுமாறி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, நம் மகளைப் போலவே. அவளை விடுதியில் விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தோம். காய்ச்சல் என்று சேதி வந்து நாம் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. வந்துபோகிறவர்களுக்கெல்லாம் பெயர் சொல்லி ஜெபிக்கிறீர்கள். அவள் பெயர் மட்டும் உங்கள் வாயில் வருவதில்லை.

பி.கு.: இன்று வருகிறவர்களும் மகளை விடுதியில் சேர்த்துவிட்டு வருகிறார்களாம். "கர்த்தர் பாத்துப்பாரும்மா" என்று போனில் சொன்னாள் அந்தத் தாய். நம் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லி, அவர்கள் மகளைப் போய் அழைத்துவரச் சொல்லுங்கள். நான் சொன்னால் தாய் மனசு என்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.