மிக்கேல்ராஜ் கையில் இருந்த சாவி

சேசு மரி சூசை துணை

விக்ரோலி,
22-5-66

என் அருமைத் தங்கை ஜெயசீலிக்கு அக்கா லூசியம்மாள் ஆசையோடும், அதைவிடக் கூடுதலான கோபத்தோடும் எழுதுவது.

இங்கிருந்து தாராவிக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனாலும் தபால் எழுத வேண்டியதாகிவிட்டது. "அந்தக் குடிகாரன் வீட்டு வாசப்படிய மிதிச்சே, அன்னைக்கே ஒன்ன ஊருக்கு ரயிலேத்திருவேன்" என்கிறார் உன் அத்தான். நீயும் கொஞ்ச நாள் இங்கே வராதே.

செவ்வாய்க்கிழமை நடந்ததை உன் வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ் எப்படிச் சொன்னாரோ, நான் கேட்டதைச் சொல்கிறேன். குர்லா ஸ்டேஷன் எதிரில் டாக்ஸியை நிறுத்திவிட்டு அத்தான் டீ குடிக்கப் போயிருக்கிறார். பட்டப்பகல். மிக்கேல்ராஜ் தம்பி தன் பழைய வேனை நேரே கொண்டுவந்து டாக்ஸி மேல் ஏற்றிவிட்டார். பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லையாம். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டது. உள்ளே ஆள் இல்லாதது மாதாவின் புண்ணியம்.

அத்தான் ஓடிப்போய்ப் பார்த்தால், தம்பி ஸ்டியரிங்கில் சாய்ந்து, கண் செருகி, ஒரு இரும்புச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தாராம். விரலைப் பிரிக்க மூன்று பேர் வேண்டியிருந்ததாம். தெளிந்த பிறகு "குடிச்சிருக்கியாடே?" என்று கேட்டதற்கு, "ஆமா அண்ணாச்சி" என்று தலையைக் குனிந்திருக்கிறார். மதுவிலக்குப் போலீஸ் கையில் சிக்கினால் ஜெயில். சொந்தக்காரனாயிற்றே என்று அத்தானே அவரை அப்புறப்படுத்தினார்.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்று அப்புறம்தானே தெரிகிறது! இன்சூரன்ஸ் கட்டத்தானே தை மாதம் என்னிடம் பணம் வாங்கிப்போனாய்? எங்கள் டாக்ஸிக்குக் கட்டியது எங்களுக்கே உதவாதாம். நாங்கள் அடுத்தவரை இடித்தால்தான் கொடுப்பார்களாம். டாக்ஸி ஓடாவிட்டால் எங்கள் வீட்டில் உலை ஏறாது. அடுத்த ஞாயிறு ஊர்ச் சங்கத்தில் வைத்துப் பேசப்போகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஜெயா.

உன் அக்கா,
லூசியம்மாள்

*

தாராவி,
30-5-66

அன்புள்ள அக்காவுக்கு ஜெயசீலியின் தோத்திரம்.

நேற்று சங்கத்தில் முடிவானதை அத்தான் சொல்லியிருப்பார். தொள்ளாயிரம் ரூபாய். மாதம் எழுபத்தைந்து. குடித்துவிட்டு ஓட்டியதாக இவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம் தவறினாலும் அந்தக் காகிதம் போலீசுக்குப் போகும் என்று அத்தான் எல்லார் முன்னாலும் சொன்னாராம். சொல்ல அவருக்கு நியாயம் இருக்கிறது. நான் குறை சொல்லவில்லை.

எங்கள் வேனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். பயப்படாதே, பணம் வந்துவிடும். மாட்டுங்காவில் வேங்கடசுப்ரமணியன் என்று ஒரு பெரியவர், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேன் விடுகிறார். பள்ளி திறந்ததும் அதை இவர் ஓட்டப்போகிறார். தவணைக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ கொடுத்த இன்சூரன்ஸ் பணத்தைப் பற்றி இப்போது கேட்காதே, அக்கா. தின்று தீர்க்கவில்லை என்பதை மட்டும் நம்பு. இன்னொன்று. உன் பிள்ளைகள் காதுபட இவரைக் குடிகாரர் என்று சொல்லாதீர்கள். சித்தப்பா என்று ஓடி வருகிற பிள்ளைகள்.

என்றும் உன் தங்கை,
ஜெயசீலி

*

விக்ரோலி,
21-6-66

ஜெயா,

முதல் தவணை வந்து சேர்ந்தது. ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்களே, அன்றிலிருந்து ஸ்பேர் பார்ட் எதைக் கேட்டாலும் கடைக்காரன் வானத்தைக் காட்டுகிறான். எப்படியோ டாக்ஸி பாதி எழுந்து நிற்கிறது. அத்தான் கோபமும் பாதி இறங்கியிருக்கிறது.

இப்போது என் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுது. உன் அடுத்த வீட்டு இருதயமேரியை மார்க்கெட்டில் பார்த்தேன். நீ தினமும் அந்த வேனில், கலெக்டர் பெண்சாதி மாதிரி முன்சீட்டில் உட்கார்ந்து போகிறாயாமே? வீட்டைப் போட்டுவிட்டு உனக்கு அங்கே என்ன வேலை? கையில் எந்நேரமும் ஒரு சாவி வைத்திருக்கிறாய் என்றும் சொன்னாள்.

அன்றைக்குத் தம்பி கையில் இருந்த அதே சாவியா? குர்லாவில் டீக்கடை போட்டிருக்கும் மன்சூர் அலிதான் அன்றைக்கு உன் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தவர். "தாரு கா பாஸ் பில்குல் நஹி தா" என்று அத்தானிடமே சொன்னாராம், குடித்த வாடையே வரவில்லை என்று. அத்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடிக்காத மனுஷன் எதற்குக் குடித்தேன் என்று எழுதிக் கொடுக்கிறான்? எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

லூசியம்மாள்

*

தாராவி,
26-6-66

அக்கா,

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

இவர் குடிப்பவரில்லை. இவருக்கு வலிப்பு. போன வருஷம் ஆரம்பித்தது. ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, இனி வண்டியைத் தொடக்கூடாது என்றார். அன்றோடு அந்த டாக்டரை விட்டுவிட்டார். நீ கொடுத்த பணத்தில் உவரிக்குப் போய் அந்தோனியார் கோயிலில் பதின்மூன்று நாள் தங்கினோம். மூன்று மாதம் வரவில்லை. சுகமாகிவிட்டது என்றே நம்பினோம்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பார்களே, அதற்குத்தான் அந்தச் சாவி. எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். வரப்போவது இவருக்கு ஒரு நொடி முன்னால் தெரியும். அன்றைக்கு அந்த ஒரு நொடியில் இவர் பிரேக்கை மிதிக்கவில்லை, அக்கா. பையில் சாவியைத் தேடியிருக்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று நான் காலைப் பிடித்தேன். "குடிகாரன்னா உள்ள போனாலும் ஆறு மாசத்துல வெளிய வந்துருவேன். காக்கா வலிப்புன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் லைசென்ஸ் கெடையாது. நம்ம மகள எவன்டி கட்டுவான்?" என்கிறார்.

ஆயா என்று சொல்லிக்கொண்டு நானும் வேனில் போகிறேன். பதினாறு பிள்ளைகள். கிங்ஸ் சர்க்கிள் வளைவு வரும்போது பின்னால் அவர்கள் பாடிக்கொண்டிருப்பார்கள். நான் இவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். இவர் தேட வேண்டாம் என்று சாவியை நானே வைத்திருக்கிறேன். தினமும் செத்துப் பிழைக்கிறேன். கடன் அடையும் வரைதான். யாரிடமும் சொல்லிவிடாதே. உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஜெயா

*

விக்ரோலி,
1-7-66

என் தங்கமே, ஜெயா,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். ஆனால் சொல்லாதே என்றாயே, அதை என்னால் செய்ய முடியவில்லை.

சாவி பிரேக் ஆகுமாடி? நீ கையில் இரும்பைத் திணிப்பதற்குள் வேன் எங்கே போய் நிற்கும்? எங்களுக்குத் தர வேண்டிய பணத்துக்காகத்தானே அவர் அந்த ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்த ரத்தம் எங்கள் டாக்ஸியில்தானே படியும்?

அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, தம்பி எழுதிக் கொடுத்த காகிதத்தை அவரே எடுத்துக் கிழித்தார். "நோவாளிகிட்டப் போயி தண்டம் வாங்கிட்டேனே" என்றார். இனி தவணை வேண்டாம். கொடுத்த எழுபத்தைந்தும் உனக்குத் திரும்பி வரும்.

இன்று மாட்டுங்காவுக்குப் போய் வேங்கடசுப்ரமணியன் ஐயரைப் பார்த்தேன். எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் பேத்தியும் அந்த வேனில்தான் போகிறாளாம். நாளையிலிருந்து வேறு டிரைவராம்.

குர்லாவில் அத்தானுக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் தம்பிக்கு வேலை பேசியிருக்கிறோம். சம்பளம் குறைவு. வண்டி ஓட்டுகிற வேலை இல்லை, டயருக்கு ஒட்டுப்போடுகிற வேலை. அந்த டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். என்னைத் திட்டு, அடி, ஆனால் ஒரு வரி எழுது.

உன் அக்கா

*

(தபால் கார்டு)

தாராவி,
7-7-66

லூசியம்மாளுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னால் வேலை போய்விட்டது. ஐயர் மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தார், இவர் முகத்தைப் பார்க்காமல். இருதயமேரிக்கு எப்படித் தெரிந்ததோ, இப்போது சந்து முழுவதும் வலிப்புக்காரர் வீடு என்றுதான் பெயர். குழாயடியில் என் குடத்தைத் தொட யோசிக்கிறார்கள்.

நேற்றுக் காலை இவருக்கு வந்தது. வீட்டில், தண்ணீர்த் தவலை மேல் விழுந்தார். சாவியை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மணியைத்தான் பார்த்தேன். எட்டரை. வேன் ஓடியிருந்தால் அந்நேரம் கிங்ஸ் சர்க்கிள் வளைவில் இருந்திருப்போம். பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிச் சொல்லி அழுதேன்.

நீங்கள் செய்தது சரி. அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அத்தான் பேசிய வேலைக்கு இவர் திங்கட்கிழமை வருவார். நான் வரமாட்டேன். உங்களை நம்பி எழுதினேன், நீங்கள் சொல்லிவிட்டீர்கள். சரி என்று தெரிந்தும் என் மனசு ஆறவில்லை. கோயிலில் பார்த்தால் கூப்பிட வேண்டாம்.

இதைக் கார்டிலேயே எழுதிவிட்டேன். தபால்காரர் படித்தாலும் சரி, யார் படித்தாலும் சரி.

ஜெயசீலி