தூணோரத்துக் கிழிசல்

இன்று காலை நம் கம்பெனி கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசைக்குப் புதுத் துணி போட்டார்கள். பழையதை உரித்ததும் நீலச் சாக்பீஸ் தூள் கிளம்பி எனக்கு அடுக்குத் தும்மல். தூணோரத்து மூலையில், அடியில் ஒட்டுப்போட்ட அந்த இரண்டு விரல் நீளக் கிழிசலும் கண்ணில் பட்டது. உங்கள் பெயரில் இருக்கும் கிழிசல்.

கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளில் வளைவு அடி என்றால் நீங்கள்தான். குச்சியின் பின்பக்கத்தைத் தூக்கி, வெள்ளைப் பந்தின் விலாவில் மேலிருந்து ஒரு தட்டு. குறுக்கே நிற்கும் பந்தைச் சுற்றிக்கொண்டு அது பாட்டுக்குப் போகும். "குத்தாதீங்க, தட்டுங்க" என்று எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். நான் குத்தினேன். பக்கத்துக் கம்பெனியோடு போட்டிக்கு முந்தைய நாள், ஆளில்லாத நேரத்தில் பழகப்போய்த் துணியைக் கிழித்தேன்.

கிழித்தவர் ஆறு மாதம் குச்சியைத் தொடக்கூடாது என்பது கிளப் சட்டம். ஒருமுறை போட்டி ஆடியவர் மறுமுறை ஆடக்கூடாது; நீங்கள் முன்பே ஆடிவிட்டதால் அந்த வருடம் என் முறை. எவ்வளவு ஆசையாக இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். யார் கிழித்தது என்று செயலாளர் கேட்டார். நீங்கள் எழுந்து, "நாந்தானுங்க" என்றீர்கள். வெளியே வந்ததும், "தோத்துட்டு வந்தீங்கன்னா ஊட்டுக்கே வந்து ஒதைப்பேன்" என்றீர்கள்.

முதல் ஆட்டத்திலேயே தோற்றேன். நீங்கள் உதைக்கவில்லை. எலப்புள்ளியில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கோழிக்குழம்பு ஊற்றினீர்கள். நானும் வெட்கமில்லாமல் இரண்டாம் முறை சோறு கேட்டேன்.

இன்று துணியைச் சுருட்டிக்கொண்டே செயலாளர், "அவரு கிழிச்ச துணியாச்சே" என்றார். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "அது நானுங்க" என்றேன்.

ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. "அன்னிக்கே தெரியுமுங்க" என்றார் செயலாளர். "அவரு எடக்கைக்காரரு. இந்த மூலையில அவரு குச்சியத் தூக்குனா முழங்கை தூணுல முட்டும். உங்ககிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம்னு எல்லாத்துகிட்டயும் சொல்லி வெச்சிருந்தாரு."

இத்தனை வருடமாக நான் ஒளித்து வைத்ததை, என்னிடமிருந்து எல்லோரும் சேர்ந்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடிக்கையில் கண் நிறைந்துவிட்டது.

என் ஆறு மாதத் தண்டனையை இன்றே கேட்டு வாங்கிக்கொண்டேன். "புதுத் துணியில ஒரு ஆட்டம் ஆடிட்டு ஆரம்பிங்களேன்" என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். மனது லேசாக இருக்கிறது. இதெல்லாம் எதற்கு என்று என்னைத் திட்ட நீங்கள் இல்லையே என்பது மட்டும்தான் தாங்கவில்லை.