அக்காவுக்கு வாசித்துக் காட்டவும்

யேசு மரி சூசை துணை

பாலையூற்று,
திருகோணமலை.
14.7.1978

அன்பின் அத்தான்,

நானும் உங்கள் மகளும் சுகம். மகள்தான், ஓம். தந்தி கிடைத்திருக்கும். ஆறாம் திகதி பகல் பதினொரு மணிக்குப் பிறந்தாள். ஆறு இறாத்தல் பத்து அவுன்ஸ். மூக்கு உங்களுடையது, பாவம், என்ன செய்ய. நீங்கள் ஒரு பெயர் எழுதி அனுப்பும்வரை அவள் எங்களுக்குப் "பிள்ளை"தான்.

உங்கள் அக்காவில் ஒரு குறை சொல்ல ஏலாது. மக்டலின் மச்சாள் பத்தியச் சரக்கு அரைக்கிறா, வேப்பிலை அவித்து வார்க்கிறா, பிள்ளையின் துணி ஒன்றையும் என்னைத் தொடவிடுவதில்லை. என் அம்மா இருந்திருந்தாலும் இப்படிப் பார்த்திருப்பாவோ தெரியாது. ஆனால் அத்தான், குடிக்கத் தண்ணீர் தருகிறாவில்லை. காலையில் அரைக் கோப்பை கொத்தமல்லித் தண்ணீர், பின்னேரம் அரைக் கோப்பை. "பச்சைத்தண்ணி குடிச்சால் வயிறு ஊதும் பிள்ளை, சன்னி வரும்" என்கிறா. நாற்பது நாளும் இப்படித்தானாம். வெளியே கச்சான் காற்று அனலாய் அடிக்கிறது. பிள்ளை பால் குடிக்கக் குடிக்க எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டாலே அழுகை வருகிறது. சிரிக்காதேங்கோ.

நான் சொன்னால் மச்சாள் கேட்கமாட்டா. நீங்கள் சொன்னால் கேட்பா. இந்த வீட்டில் உங்கள் கடிதம் பூசையில் வாசிக்கிற சுவிசேஷம் மாதிரி. எழுத்துத் தெரியாத மனுசி, தலைக்கு முக்காடு போட்டு வந்திருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பா. அடுத்த கடிதத்தில் அவவுக்கு ஒரு வரி எழுதுங்கோ: றீற்றாவுக்குத் தண்ணீர் கொடுங்கோ. அது போதும். நான் வாசித்துக் காட்டுகிறேன்.

கொஞ்சம் தலையிடி இருக்கிறது. மற்றப்படி ஒன்றுமில்லை. யன்னல் சாத்திய அறைக்குள் பகல் முழுக்கத் தனிய இருக்கிறேன். பிள்ளையோடு கதைத்தால் அவள் நித்திரையாகிவிடுகிறாள். கெதியாய் எழுதுங்கோ.

உங்கள்
றீற்றா

*

பஹ்ரெயின்,
24.7.1978

அன்பின் றீற்றா,

உமது கடிதம் கண்டு நான் துள்ளிய துள்ளலில் எங்கள் இழுவைப் படகு கவிழப் பார்த்தது. எல்லாருக்கும் இனிப்பு ரொபி வாங்கிக் கொடுத்தேன். மூக்கைப் பற்றி நீர் எழுதியதை மறக்கமாட்டேன், வந்து பார்த்துக்கொள்கிறேன். பெயர் யோசிக்கிறேன். அவசரம் வேண்டாம்.

இங்கே வெயில் என்றால் வெயில். திருகோணமலைத் துறைமுகத்தில் நான் பட்டதெல்லாம் வெயிலே இல்லை. படகில் ஐஸ் தண்ணீர் மெசின் ஒன்று இருப்பதால் தப்பினேன். நாளுக்கு எத்தனை கிளாஸ் குடிக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

இனி உமது தண்ணீர் வழக்கு. அக்கா தன் பத்து வயதிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவ. அவ பத்தியம் பார்த்த பெண்கள் பாலையூற்றில் எத்தனை பேர்! நீர் படித்தவர்தான், ஆனால் பிள்ளைப்பேறு கொன்வென்ற்றில் படிப்பிப்பதில்லையே. நாற்பது நாள்தானே, பொறும்.

கீழே உள்ளதை அக்காவுக்கு வாசித்துக் காட்டவும்:

"அக்கா, நீங்கள் சொல்லுறதுதான் சட்டம். றீற்றா என்ன அழுது கேட்டாலும் தண்ணி குடுக்காதேங்கோ. நான் வரேக்க அவவுக்கு வயிறு ஊதி வண்டி வைச்சிருந்தால் உங்களிட்டத்தான் கேப்பன்."

சும்மா பகிடிக்குத்தான். கோபிக்காதேயும்.

உமது
சிறில்

*

பாலையூற்று,
27.7.1978

அன்பின் அத்தான்,

உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் மச்சாளும் நானும் ஒன்றாய்த் திரும்பிப் பார்க்கிறோம்.

தலையிடி இப்போது கொஞ்சமில்லை. படுத்தால் கூடுகிறது, எழும்பியிருந்தால் சற்றுக் குறைகிறது. அதனால் கதிரையிலேயே இருக்கிறேன். விடிந்தால் குமட்டிக்கொண்டு சத்தி. மச்சாள் சுக்கு அரைத்து நெற்றியில் பூசித் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டா. நேற்றிலிருந்து எல்லாம் இரண்டாய்த் தெரிகிறது. தொட்டிலுக்குள் இரண்டு பிள்ளை. எது என் பிள்ளை என்று தடவிப் பார்த்துத்தான் தூக்கினேன். மச்சாளிடம் இதைச் சொல்லவில்லை. களவாய்த் தண்ணீர் குடித்தாய், அதுதான் என்பா. சத்தியமாய்க் குடிக்கவில்லை, அத்தான். அவ வாசலில் பாய் போட்டிருக்கிறா என்பது மட்டுமில்லை, எனக்கும் பயம். அவ சொல்கிறபடி சன்னி வந்து நான் செத்தால் பிள்ளை என்ன செய்யும்? தாயில்லாமல் வளர்ந்தவள் நான்.

பக்கத்து வீட்டு மஹ்ரூப் நானா வேலிக்கு மேலால் எட்டி, "ஆஸ்பத்திரிக்குக் காரை எடுக்கட்டோ?" என்று கேட்டார். நாற்பது முடியாமல் வாசல் தாண்ட விடமாட்டேன் என்று மச்சாள் அனுப்பிவிட்டா.

ஒரு வரி அத்தான். தந்தி என்றாலும் சரி.

உங்கள்
றீற்றா

*

பாலையூற்று,
4.8.1978

அத்தான்,

உங்கள் கடிதம் இன்று வந்தது. வாசித்துக் காட்டினேன். மச்சாளுக்குச் சரியான சந்தோசம். கடிதத்தை வாங்கி முத்தமிட்டா.

வலது கை மரத்துக்கொண்டு வருகிறது. பேனை விழுகிறது. பிள்ளை அழுகிறாள், எங்கே என்று

*

பஹ்ரெயின்,
15.8.1978

என் அன்பின் றீற்றா,

கையெழுத்தில்லாத உமது கடிதத்தை மஹ்ரூப் மேசையில் கண்டு எடுத்து அனுப்பியிருக்கிறார். இன்று கிடைத்தது. கடைசி வரியை எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது.

நீர் 27ஆம் திகதி எழுதியது எனக்குக் கிடைத்தது ஏழாம் திகதி காலை. உடனே ஓடிப்போய், "தண்ணீர் கொடுக்கவும்" என்று தந்தி அடித்தேன். திரும்பி வர மஹ்ரூப்பின் தந்தி எனக்காகக் காத்திருந்தது: றீற்றாவுக்கு வலிப்பு, ஆஸ்பத்திரியில். நான் பகிடிக்கு எழுதினேன் றீற்றா. அந்தோனியார் அறிய, பகிடிக்குத்தான். நீர் அதை அப்படியே வாசிப்பீர் என்று நினைக்கவில்லை.

கடவுச்சீட்டு கொம்பனியில் இருக்கிறது. தை மாதம் வரை விடமாட்டார்களாம். யாரையாவது கொண்டு ஒரு சொல் எழுதுவியும்.

சிறில்

*

பஹ்ரெயின்,
20.9.1978

அன்பின் றீற்றா,

எத்தனை கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதிலில்லை.

மஹ்ரூப் விபரமாய் எழுதியிருக்கிறார். கண்டி ஆஸ்பத்திரிக்கு மாற்றி, அங்கே உமது கழுத்தில் மருந்து ஏற்றித் தலையைப் படம் பிடித்தார்களாம். மூளையிலிருந்து இரத்தம் திரும்பி இறங்குகிற நாளத்தில் இரத்தம் கட்டியாய் உறைந்து வழியை அடைத்துவிட்டதாம். இரத்தம் உள்ளே தேங்கித்தான் அந்தத் தலையிடி, சத்தி, இரட்டைப் பார்வை, கை மரத்தது, கடைசியில் வலிப்பு. நீர் ஒவ்வொன்றாய் எனக்கு எழுதியிருக்கிறீர். காதில் சீழ் வந்ததா, காய்ச்சல் காய்ந்ததா, கருத்தடைக் குளிசை போட்டவவா என்றெல்லாம் டொக்டர் கேட்டாராம். பிறகு, "பிள்ளை பிறந்தபிறகு எவ்வளவு தண்ணி குடிச்சவ?" என்றாராம். நாளுக்கு ஒரு கோப்பைக்கு மேல் தான் விடவில்லை என்று அக்கா பெருமையாய்ச் சொன்னாவாம். பிள்ளை பெற்ற உடம்பில் இரத்தம் இலேசில் உறையும், தண்ணீரும் இல்லாவிட்டால் இன்னும் தடிக்கும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினாராம். அக்கா அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டாவாம்.

என்ன செய்துவிட்டா பார்த்தீரா? வளர்த்தவ என்று இனி நான் பார்க்கமாட்டேன். கீழே உள்ளதை அவவுக்கு வாசித்துக் காட்டவும்:

"அக்கா, என்ரை குடும்பத்தை நாசமாக்கிப்போட்டியள். சம்பூரிலை சித்தி வீட்டை போயிருங்கோ. நான் வரேக்க உங்களை என்ரை வீட்டிலை காணக்கூடாது."

சிறில்

*

பாலையூற்று,
5.11.1978

அன்பின் அத்தான்,

இது என் இடது கை எழுத்து. நாலு நாளாய் எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நடக்கிறேன், வலது கால் கொஞ்சம் இழுபடுகிறது. வலது கையில் இன்னும் உணர்வு சரியாய் வரவில்லை. பிள்ளையைத் தூக்க மச்சாள் வேணும். பார்வை சுகம். தொட்டிலில் இப்போது ஒரு பிள்ளைதான்.

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. சம்பூர்க் கடிதம் வந்த அன்றும் மச்சாள் முக்காடு போட்டு முன்னால் வந்திருந்தா. கண்டியிலிருந்து வந்த நாள் தொடக்கம் தண்ணீர்க் கோப்பையோடு என் பின்னால் திரிகிறா. தான் ஒரு வாய் குடிக்கிறாவில்லை. உதடு வெடித்துக் கிடக்கிறது. நான் உங்கள் கடிதத்தை விரித்து வாசித்தேன்: "அக்கா, உங்களிலை பிழையில்லை. அறியாமல் செய்ததுதானே. றீற்றாவையும் பிள்ளையையும் விட்டிட்டுப் போகாதேங்கோ. நீங்களும் தண்ணி குடியுங்கோ." மனுசி கடிதத்தை வாங்கி முத்தமிட்டு அழுதா. பிறகு குசினிக்குள் போய் இரண்டு கோப்பை குடித்தா.

அத்தான், ஓகஸ்ட் நாலாம் திகதியும் இப்படித்தான் உங்கள் கடிதம் என் கையில் இருந்தது. நான் எதை வாசித்தாலும் அவவுக்கு அது உங்கள் சொல். "தண்ணி குடுங்கோ" என்று வாசித்திருந்தால் அந்த நிமிசமே கிணற்றில் வாளி இறங்கியிருக்கும். அந்த நேரம் அது கட்டியைக் கரைத்திருக்குமோ தெரியாது. ஆனால் நான் தண்ணீர் குடித்திருப்பேன். எனக்கு அது யோசனையில் வராமலில்லை. உங்கள் சொல்லை மாற்றி வாசிக்க மனம் வரவில்லை. அவ்வளவு மரியாதை வைத்திருந்தேன்.

இப்போது மாற்றி வாசிக்கிறேன். ஒரு கஷ்டமுமில்லை.

போன ஞாயிறு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. பெயருக்கு இனியும் காத்திருக்க ஏலாது. மக்டலின் என்று வைத்தேன்.

தையில் வருவதாய் எழுதியிருக்கிறீர்கள். வாங்கோ. உங்கள் வீடு, உங்கள் பிள்ளை. களைத்து வருவீர்கள், கிணற்றுத் தண்ணீர் தருவேன். ஆனால் எனக்கு இனிக் கடிதம் எழுதாதேங்கோ. எழுதுவதென்றால் அக்காவுக்கு எழுதுங்கோ.

நான் வாசித்துக் காட்டுகிறேன்.

றீற்றா